ஆஸ்திரேலியாவில் மாசிடோனியர்களும் தென் அமெரிக்கர்களும்: யார் வசதியாக இருக்கிறார்கள்? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

எந்த நாட்டிலிருந்து வந்தவர்கள் முன்னேறினார்கள், எவர்கள் பின்தங்கினார்கள் என்ற பேச்சு குடியேறிகள் இருக்கும் எல்லா ஊரிலும் உண்டு. பெரும்பாலும் அது ஒரு சமூகத்தின் குணத்தைப் பற்றிய தீர்ப்பாகவே முடிகிறது. தென்கிழக்கு ஐரோப்பாவின் மாசிடோனியாவிலிருந்து வந்தவர்கள், தென் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் என ஆஸ்திரேலியாவில் உள்ள இரண்டு சமூகங்களை எடுத்துக்கொண்டு, அந்தத் தீர்ப்பு எவ்வளவு தூரம் நிற்கும் என்று இங்கே பார்க்கலாம்.

இந்த இரண்டு சமூகங்களை ஏன் ஒப்பிட வேண்டும்?

இரண்டுக்கும் தொடக்கத்தில் பொதுவானது நிறைய. ஆங்கிலம் தெரியாமல், பிரிட்டனோடு எந்த உறவும் இல்லாமல், பெரும் எண்ணிக்கையில் 1960களின் கடைசியிலும் 1970களிலும் ஆஸ்திரேலியா வந்தவர்கள். முதல் வேலை பெரும்பாலும் தொழிற்சாலையில்தான். சிட்னிக்குத் தெற்கே உள்ள உலாங்காங் நகரில், போர்ட் கெம்ப்லா இரும்பு உருக்காலையைச் சுற்றி, இரு சமூகத்தாரும் அக்கம்பக்கத்தில் வாழ்ந்தார்கள்.

அங்கிருந்து பாதைகள் பிரிந்தன. மாசிடோனியர்களின் பெரிய அலை ஒருமுறை வந்து ஓய்ந்துவிட்டது. தென் அமெரிக்காவிலிருந்து 2000க்குப் பிறகு முற்றிலும் வேறு வகை ஆட்கள், வேறு வகை விசாவில் வரத் தொடங்கினார்கள்.

சரி, ஒரே வரியில் சொல்லுங்கள். யார் வசதி?

வாரச் சம்பளத்தைப் பார்த்தால் மாசிடோனியாவில் பிறந்தவர்கள் கீழே இருப்பார்கள். சொந்த வீட்டைப் பார்த்தால் அவர்களே மேலே இருப்பார்கள். படிப்பைப் பார்த்தால் புதிதாக வந்த பிரேசிலியர்களும் கொலம்பியர்களும் முன்னால் நிற்பார்கள், ஆனால் அவர்களில் பெரும்பாலோர் வாடகை வீட்டில். 1970களில் வந்த சிலி, உருகுவே, அர்ஜென்டினாக்காரர்கள் இவர்களுக்கு நடுவே.

ஒரு வரி போதாது என்பது தெரிகிறது அல்லவா? எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்து வரிசை தலைகீழாகிறது.

மாசிடோனியர்கள் எப்போது, எப்படி வந்தார்கள்?

ஆண்கள் வெளியூர் போய்ச் சம்பாதித்து வீட்டுக்குப் பணம் அனுப்புவது மாசிடோனியாவின் மலைக் கிராமங்களில் தலைமுறைகளாக இருந்த பழக்கம். 1924இல் அமெரிக்கா குடியேற்றத்தை ஒதுக்கீடு வைத்துச் சுருக்கியதும், ஒரு பகுதியினர் ஆஸ்திரேலியா பக்கம் திரும்பினார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் காடு வெட்டினார்கள், பெர்த் நகரின் விளிம்பில் காய்கறித் தோட்டம் போட்டார்கள். 1946 முதல் 1949 வரை நடந்த கிரேக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு, வடக்கு கிரேக்கத்து மாசிடோனியக் கிராமங்களிலிருந்து இன்னொரு கூட்டம் வந்தது.

பெரிய அலை அதற்கும் பிறகுதான். 1960களில், மாசிடோனியாவையும் உள்ளடக்கியிருந்த யூகோஸ்லாவியா தன் மக்கள் வெளிநாடு போவதற்கான கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. 1970இல் ஆஸ்திரேலியாவும் யூகோஸ்லாவியாவும் குடியேற்ற ஒப்பந்தம் போட்டன. பித்தோலா, ஓஹ்ரிட், பிரெஸ்பா வட்டாரங்களிலிருந்து கிராமம் கிராமமாகக் கிளம்பினார்கள். முதலில் வந்த மாமா அறை பார்த்து வைப்பார், தன் ஃபோர்மேனிடம் சொல்லி வேலையும் பிடித்துத் தருவார், அடுத்த வருடம் மச்சான் வருவான். இப்படித்தான் மெல்போர்னின் வட பகுதியில் தாமஸ்டவுன், லேலர், எப்பிங், சிட்னியில் ராக்டேல், உலாங்காங்கில் கிரிங்கிலா ஆகிய இடங்களில் நெருக்கமான குடியிருப்புகள் உருவாயின.

தென் அமெரிக்கர்கள்?

இவர்களை ஒரே சமூகம் என்று சொல்வதே கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. குறைந்தது மூன்று தனித்தனிக் கதைகள் இதில் இருக்கின்றன.

முதல் கதை பொருளாதாரம். 1960களின் பிற்பகுதியிலிருந்து உருகுவே, அர்ஜென்டினா, சிலி நாடுகளின் விலைவாசி உயர்வும் வேலைப் பஞ்சமும் கைத்தொழில் தெரிந்தவர்களை வெளியே தள்ளின. 1970இல் சல்வடோர் அயெந்தே தேர்தலில் வென்றபோது, சோசலிச ஆட்சிக்குப் பயந்து கிளம்பிய சிலி நடுத்தர வர்க்கத்தினரும் உண்டு.

இரண்டாவது அரசியல். 1973 ஜூனில் உருகுவேயில் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 11 அன்று சிலியில் ராணுவத் தளபதி பினோசெட் ஆட்சியைப் பிடித்தார். 1976 மார்ச்சில் அர்ஜென்டினாவில் ராணுவம் வந்தது. இப்போது வந்தவர்கள் ஆசிரியர்கள், தொழிற்சங்கக்காரர்கள், மாணவர்கள், இடதுசாரிகள். அயெந்தேவுக்குப் பயந்து வந்தவரும் பினோசெட்டுக்குத் தப்பி வந்தவரும் ஒரே தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் நிற்க வேண்டியிருந்தது. மாசிடோனியர்களிடம் இருந்தது போல ஒரே கிராமத்து உறவு வலை இவர்களிடம் உருவாகாததற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது கதை 2000க்குப் பிந்தைய மாணவர்கள். அதைத் தனியாகச் சொல்கிறேன்.

ஒரே தொழிற்சாலையில் வேலை என்றால், ஒரே மாதிரி முன்னேறியிருக்க வேண்டாமா?

வந்த ஆண்டில்தான் வித்தியாசமே இருக்கிறது. 1960களில் பெரும்பாலான ஆண்டுகள் ஆஸ்திரேலியாவில் வேலையில்லாதோர் 2 சதவீதத்துக்கும் கீழே. கப்பலிலிருந்து இறங்கினால் அடுத்த வாரம் வேலை. ஓவர்டைம் கேட்டால் கிடைக்கும், இரட்டை ஷிப்ட் கேட்டாலும் கிடைக்கும். 1959இல் திறந்த மெல்போர்னின் பிராட்மெடோஸ் ஃபோர்டு ஆலையும் போர்ட் கெம்ப்லா உருக்காலையும் ஆள் பற்றாக்குறையில் இருந்தன. மாசிடோனியர்களில் பெரும்பாலோர் இந்தக் காலத்தில் வந்து காலூன்றிவிட்டார்கள்.

சிலிக்காரர்களின் பெரிய கூட்டம் வந்து இறங்கியது 1974, 1975 வாக்கில். 1973 ஜூலையில் பிரதமர் விட்லமின் அரசு எல்லா இறக்குமதி வரிகளையும் ஒரே நாளில் 25 சதவீதம் குறைத்திருந்தது. துணி, செருப்பு, ஆடைத் தொழிற்சாலைகளுக்கு அது பெரிய அடி. அப்புறம் எண்ணெய் விலை ஏற்றம். 1975இல் வேலையில்லாதோர் விகிதம் 5 சதவீதத்தை நெருங்கிவிட்டது. அதே வாசலில் நான்கைந்து ஆண்டு தாமதமாக வந்து நின்றவர்களுக்குக் கிடைத்தது மிஞ்சிய வேலை, பெரும்பாலும் இரவு நேரத் துப்புரவு.

இதில் இன்னொரு வலி உண்டு. சிலியின் தலைநகர் சாந்தியாகோவில் ஆசிரியராகவும் கணக்காளராகவும் இருந்தவரின் சான்றிதழுக்கு இங்கே மதிப்புத் தரவில்லை. தொழிலாளியாக வந்து தொழிலாளியாக இருப்பதும், பேராசிரியராக இருந்துவிட்டு அலுவலகக் கழிப்பறை கழுவுவதும் சம்பளப் பட்டியலில் ஒரே எண்ணாகத் தெரியலாம். வாழ்க்கையில் அவை ஒன்றல்ல.

1980களில் உருக்காலையில் என்ன நடந்தது?

உலாங்காங்கைப் புரிந்துகொள்ள இது தெரிய வேண்டும். 1980களின் தொடக்கத்தில் போர்ட் கெம்ப்லாவில் சுமார் 20,000 பேர் வேலை செய்தார்கள். 1982, 1983 மந்தத்தில் ஆயிரக்கணக்கானோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அப்போது நாடு முழுவதும் வேலையில்லாதோர் 10 சதவீதம். உருக்காலையை நம்பிய ஊரில் நிலைமை இன்னும் மோசம். 1982 அக்டோபரில் உலாங்காங்கின் கெமிரா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள் பூமிக்கடியிலேயே தங்கிப் போராடினார்கள். அந்த மாதமே உலாங்காங் தொழிலாளிகள் தலைநகர் கான்பெரா போய் நாடாளுமன்றக் கதவுகளை முட்டித் திறந்தார்கள்.

இந்த அடி எல்லோருக்கும் விழுந்தது. ஆனால் ஆட்குறைப்பில் "கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியே" என்பதுதான் விதி. 1968இல் சேர்ந்தவருக்கு அது கவசம், 1980இல் சேர்ந்தவருக்கு அது கத்தி.

அந்த விதி பெண்களை எப்படித் தாக்கியது?

வேறெங்கும் சரியாகச் சொல்லப்படாத பகுதி இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உலாங்காங்கில் பெண்களுக்கு உருக்காலையை விட்டால் பெரிய வேலை வாய்ப்பு கிடையாது. விண்ணப்பம் போட்ட பெண்களை வருடக்கணக்காகக் காத்திருப்புப் பட்டியலில் வைத்துவிட்டு, ஆண்களை மளமளவென்று எடுத்துக்கொண்டிருந்தது நிர்வாகம். பெண்கள் 16 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று மாநிலத் தொழிற்சாலைச் சட்டம் சொல்கிறது என்பது ஒரு சாக்கு. 1980இல் பெண்கள் "பெண்களுக்கு வேலை" என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். அவர்களில் பலர் மாசிடோனியா உள்ளிட்ட நாடுகளிலிருந்து வந்த குடியேறிகள். பாகுபாட்டுத் தடைச் சட்டத்தின் கீழ் புகார் கொடுத்தார்கள், வேலையும் கிடைத்தது. இரண்டு மூன்று ஆண்டில் மந்தம் வந்தது. கடைசியில் சேர்ந்தவர்கள் யார்? அவர்கள்தான். முதலில் வெளியே போனதும் அவர்கள்தான்.

அவர்கள் விடவில்லை. முதலில் சேர்க்காமல் தள்ளிப்போட்டதே பாகுபாடு, ஆகவே அந்தத் தாமதத்தைக் காட்டி வெளியேற்றுவதும் பாகுபாடுதான் என்று வாதாடினார்கள். 34 பெண்கள் தீர்ப்பாயத்தில் வென்றார்கள். நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 1989 டிசம்பரில், நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றமும் பெண்கள் பக்கமே நின்றது. மேலோட்டமாக எல்லோருக்கும் பொதுவாகத் தெரியும் ஒரு விதியும் பாகுபாடாக இருக்க முடியும் என்பதற்கு அந்த நாட்டுச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் வழக்கு இது.

ஒரு குடும்பத்தின் வீட்டுக்கடன் அடைந்ததா இல்லையா என்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது சம்பளத்தால்தான் முடிவானது. ஒரு சமூகத்தின் பொருளாதார நிலையைப் பேசுகிறவர்கள் பெண்களின் வேலையைக் கடைசி வரியில் வைப்பது எனக்கு ஒப்புதலில்லை.

மாசிடோனியர்களிடம் சொந்த வீடு அதிகம் என்கிறார்களே, எப்படி?

உண்மைதான். இத்தாலியர், கிரேக்கர் போலவே மாசிடோனியாவில் பிறந்தவர்களும் கடன் அடைத்து முடித்த சொந்த வீடு அதிகம் உள்ளவர்கள். ஆஸ்திரேலியாவில் மொத்தமாகப் பார்த்தால் மூன்றில் இரண்டு பங்குக் குடும்பங்கள் சொந்த வீட்டில் இருக்கின்றன. கடனோடு இருப்பவர்களும் அதில் சேர்த்தி. மாசிடோனியக் குடும்பங்கள் அந்த அளவைத் தாண்டி நிற்கின்றன.

செய்த விதம் எளிது, வாழ்வது கடினம். ஒரு வீட்டில் இரண்டு மூன்று குடும்பங்கள். கணவன் பகல் ஷிப்ட், மனைவி மாலை ஷிப்ட், குழந்தையைப் பாட்டி பார்த்துக்கொள்வார். முன்பணம் சேர்ந்ததும் உறவினர் கைமாற்றுக் கொடுத்து ஒருவர் வாங்குவார், அடுத்து இன்னொருவர். வீட்டின் ஒரு அறை புதிதாக வந்தவருக்கு வாடகைக்குப் போகும். கொத்து வேலை, தச்சு வேலை எல்லாம் சொந்தக்காரர்களே.

ஆனால் அந்தக் காலத்தில் மெல்போர்ன் விளிம்பில் ஒரு வீட்டின் விலை ஒரு தொழிலாளியின் சில ஆண்டுச் சம்பளத்துக்குள் அடங்கியது. அன்று ஊருக்கு வெளியே என்று ஒதுக்கப்பட்ட லேலரும் தாமஸ்டவுனும் இன்று நகரத்தின் உள்பகுதி போல ஆகிவிட்டன. நிலத்தின் விலை ஏறியதில் அவர்கள் கையில் சேர்ந்த சொத்து, அவர்கள் சேமித்ததைவிடப் பல மடங்கு. 1980களின் கடைசியில் வீடு வாங்கிய சிலிக் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1990ஐ ஒட்டி வீட்டுக்கடன் வட்டி 17 சதவீதம் வரை போனது. அதே உழைப்பு, அதே சிக்கனம், ஆனால் மாதத் தவணையில் பெரும்பகுதி வட்டிக்கே போயிற்று.

அப்படியானால் இது சிக்கனம், கலாச்சாரம் என்பதெல்லாம் பொய்யா?

பொய் என்று சொல்ல மாட்டேன். கிராமத்திலிருந்து உறவோடு வந்தவர்களுக்கு ஒருவரை ஒருவர் நம்பிப் பணம் கொடுக்க முடிந்தது. ஊரில் நிலம் வைத்திருந்த விவசாயிக்கு வீடும் மண்ணும்தான் சொத்து. சிலியிலிருந்து தப்பி வந்த பலர், சர்வாதிகாரம் நாளை போய்விடும், நாமும் திரும்பிவிடுவோம் என்று பெட்டியைக் கட்டியபடியே இருந்தார்கள். திரும்பப் போகிறவர் முப்பது வருடக் கடனில் வீடு வாங்குவாரா? பினோசெட் ஆட்சி 1990 வரை நீண்டது. அதற்குள் வாங்கும் வயதும் விலையும் கடந்து போயின.

இதைக் குணம் என்று சொல்வதைவிடச் சூழ்நிலை என்று சொல்வதுதான் நியாயம்.

இவ்வளவு சொத்து இருந்தும் மாசிடோனியர்களின் வருமானம் ஏன் குறைவு?

வயது. பெரும் கூட்டமாக வந்தவர்கள் இப்போது எழுபது, எண்பதுகளில் இருக்கிறார்கள். ஓய்வூதியத்தில் வாழ்பவரின் வார வருமானம், வேலை செய்யும் இளைஞரின் வருமானத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுமைக்குமான நடுநிலைத் தனிநபர் வருமானம் (பாதிப் பேர் இதற்கு மேலே, பாதிப் பேர் கீழே) வாரம் 805 டாலர். அந்த எண்ணோடு ஓய்வு பெற்ற ஒரு தலைமுறையை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

இன்னொன்று, ஊழியரின் சம்பளத்துக்கு மேல் ஒரு பங்கை முதலாளி அவருடைய ஓய்வுக்கால நிதியில் போட வேண்டும் என்ற கட்டாயம் 1992இல்தான் வந்தது. 1965 முதல் 1990 வரை உலைக்கு முன்னால் நின்றவருக்கு அந்த நிதியில் பெரிதாக எதுவும் இல்லை. அரசு ஓய்வூதியம் கணக்கிடும்போது குடியிருக்கும் வீட்டைச் சொத்தாகச் சேர்க்க மாட்டார்கள். ஆகவே பெரிய விலை பெறும் வீட்டில் உட்கார்ந்துகொண்டு மின்கட்டணத்துக்குக் கணக்குப் பார்க்கும் முதியவர்கள் இருக்கிறார்கள். காகிதத்தில் பணக்காரர், கையில் காசு இல்லை. முதுகு வலி, காது கேளாமை, ஆங்கிலம் பேச வராத தனிமை இவற்றையும் சேர்த்துத்தான் நலம் என்று பேச வேண்டும்.

பிரேசில், கொலம்பியா மாணவர்கள் நிலை என்ன?

இன்று ஆஸ்திரேலியாவில் தென் அமெரிக்கர் என்றால் பெரும்பாலும் இவர்கள்தான். 2021 கணக்கெடுப்பில் பிரேசிலில் பிறந்தவர்கள் 45,000க்கும் மேல், கொலம்பியாவில் பிறந்தவர்கள் சுமார் 35,000. இருவருமே சிலியில் பிறந்தவர்களை எண்ணிக்கையில் தாண்டிவிட்டார்கள்.

பலர் ஊரில் பட்டம் முடித்தவர்கள். இங்கே ஆங்கில வகுப்பு, பிறகு ஏதாவது தொழிற்கல்வி டிப்ளோமா என்று விசாவைத் தொடர்ந்து புதுப்பித்துக்கொண்டே போகிறார்கள். படிப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம். 2022 ஜனவரியில் வரம்பு தற்காலிகமாக நீக்கப்படும் வரை அது 40. விசாக் கட்டணம் 2024 ஜூலையில் 710 டாலரிலிருந்து 1,600 டாலராக ஒரேயடியாக உயர்ந்தது. கையில் காட்ட வேண்டிய சேமிப்பு அதே ஆண்டு 29,710 டாலராக்கப்பட்டது. சட்டப்படி கிடைக்கும் மணி நேரத்துக்குக் குறைந்தபட்சக் கூலியே வாங்கினாலும், சிட்னியில் ஒரு அறையின் வாடகை அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அதனால் கட்டிடத் துப்புரவு, உணவு டெலிவரி, காபிக் கடை என்று ஓடுகிறார்கள். மணி நேரக் கணக்குக்குப் பயந்து குறைந்த கூலிக்குக் கைக்காசாக வாங்குபவர்களை முதலாளிகள் சுரண்டுவதும் நடக்கிறது. புகார் கொடுத்தால் விசா போய்விடுமோ என்ற அச்சம் அவர்கள் வாயை அடைக்கிறது.

2020இல் கோவிட் வந்தபோது அரசின் சம்பள உதவித் திட்டம் பெரும்பாலான தற்காலிக விசாக்காரர்களுக்குக் கிடைக்கவில்லை. வரி கட்டியவர்கள், வாடகை கட்டியவர்கள். செலவைச் சமாளிக்க முடியாதவர்கள் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று பிரதமர் ஸ்காட் மாரிசன் சொன்னார். உணவு வங்கி வரிசைகளில் வெளிநாட்டு மாணவர்கள் நின்றார்கள். 1968இல் வந்தவர் எவ்வளவு ஏழையாக இருந்தாலும், இறங்கிய நாளிலிருந்தே இங்கேயே இருக்கலாம் என்ற உறுதி அவருக்கு இருந்தது. 2018இல் வந்த பொறியாளருக்கு அது இல்லை. இரு காலத்துக்கும் இடையிலான மிகப் பெரிய பொருளாதார வித்தியாசம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

அவர்கள் பிற்பாடு நன்றாக வருவார்களா?

நிரந்தர வசிப்புரிமை கிடைத்தவர்கள் பலர் ஐடி, பொறியியல், கணக்கியல், செவிலியர் பணி என்று நல்ல வேலைக்குப் போகிறார்கள். சம்பளத்தில் சீக்கிரமே பழைய குடியேறிகளைத் தாண்டிவிடுவார்கள். வீடு வாங்குவதில்தான் சிக்கல். கிடைக்காமல் திரும்புகிறவர்கள் ஓய்வுக்கால நிதியை எடுத்துக்கொண்டு போகலாம், ஆனால் அதில் பொதுவாக 35 சதவீதம் வரியாகப் பிடித்துவிடுவார்கள்.

இரண்டாம் தலைமுறை?

இங்கே பிறந்த பிள்ளைகள் பிறந்த நாடு என்ற கட்டத்தில் ஆஸ்திரேலியர்களாகிவிடுகிறார்கள். அவர்களைத் தேட வேண்டுமானால் பூர்வீகம் என்ற கேள்வியைப் பார்க்க வேண்டும். வட மாசிடோனியாவில் பிறந்தவர்கள் சுமார் 40,000 என்றால், மாசிடோனியப் பூர்வீகம் என்று எழுதியவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். கட்டுமானம், சிறு தொழில், ஆசிரியப் பணி, சட்டம் என்று பரவியிருக்கிறார்கள். பெற்றோர் வீட்டை அடமானம் வைத்து முன்பணம் கொடுத்து உதவிய குடும்பங்கள் நிறைய. பழைய தலைமுறையின் சொத்து உண்மையில் வேலை செய்வது இங்கேதான். சிலி, உருகுவே பெற்றோரின் பிள்ளைகள் படிப்பில் குறைந்தவர்கள் அல்ல. பின்னால் நின்று தாங்கும் வீடு மட்டும் எல்லோருக்கும் அந்த அளவு இருக்கவில்லை.

கணக்கெடுப்பு எண்களை அப்படியே நம்பலாமா?

எண்கள் சரி, பெயர்ப் பலகைகளில்தான் கவனம் வேண்டும். 1991இல் தனி நாடாகும் வரை அங்கிருந்து வந்தவர்கள் யூகோஸ்லாவியாவில் பிறந்தவர்கள். வடக்கு கிரேக்கத்திலிருந்து வந்த மாசிடோனியர்கள் இன்றும் கிரீஸில் பிறந்தவர்கள் பட்டியலில்தான். கிரீஸோடு செய்த 2018 பிரெஸ்பா ஒப்பந்தத்துக்குப் பிறகு 2019 முதல் நாட்டின் பெயர் வட மாசிடோனியா. இந்த மாற்றத்தைச் சமூகத்தில் பலர் ஏற்கவில்லை.

தென் அமெரிக்கா பக்கம், எல் சால்வடார்காரர்களைப் பலர் இதில் சேர்த்துவிடுகிறார்கள்; அது மத்திய அமெரிக்கா. வீட்டில் ஸ்பானிஷ் பேசுபவர்கள் 1,70,000க்கு மேல் என்ற எண்ணில் ஸ்பெயின்காரர்களும் இருக்கிறார்கள், போர்த்துகீசியம் பேசும் பிரேசிலியர்கள் இல்லை. இன்னொரு விஷயம், 2021 கணக்கெடுப்பு ஆகஸ்ட் 10 அன்று, எல்லை மூடியிருந்த காலத்தில் நடந்தது. மாணவர்களில் பலர் நாட்டிலேயே இல்லை.

ஓய்வூதியத்தில் நாடுகளுக்கிடையே ஏற்பாடு உண்டா?

உண்டு. ஆஸ்திரேலியாவுக்கு சிலியோடு 2004 முதலும், வட மாசிடோனியாவோடு 2011 முதலும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கிறது. இரண்டு நாட்டிலும் கழித்த ஆண்டுகளைக் கூட்டித் தகுதி காட்டலாம். ஆஸ்திரேலிய முதியோர் ஓய்வூதியத்துக்குப் பொதுவாகப் பத்து ஆண்டு வசிப்பும் 67 வயதும் வேண்டும்.

நானே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் எங்கிருந்து தொடங்குவது?

ஆஸ்திரேலியப் புள்ளியியல் துறையின் இணையதளத்தில் டேபிள்பில்டர் என்ற வசதி இருக்கிறது. கணக்கு தொடங்கினால் 2021 கணக்கெடுப்பில் நீங்களே அட்டவணை போடலாம். பிறந்த நாட்டை மட்டும் எடுத்து வருமானத்தோடு வைக்காதீர்கள். வந்த ஆண்டு, வயது, வீட்டு உரிமை மூன்றையும் சேருங்கள். 1966 முதல் 1975 வரை வந்த, ஒரே வயதுப் பிரிவில் உள்ள மாசிடோனியர்களையும் சிலிக்காரர்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்புறம் தனி அட்டவணையாக 2010க்குப் பிறகு வந்த கொலம்பியர்களை எடுங்கள். மிகச் சிறிய எண்ணிக்கை வரும் கட்டங்களில் தனியுரிமைக்காகத் துறை எண்களைச் சற்று மாற்றி வைத்திருக்கும், அவற்றை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். அடுத்த கணக்கெடுப்பு 2026 ஆகஸ்டில்.